அடுத்தவர் சறுக்கினால் ஜெயித்தவரா ஃபால்டோ?

கேள்வி: இங்கிலாந்தின் கோல்ஃப் வீரர் நிக் ஃபால்டோ ஆறு மேஜர் (கோல்ஃபின் நான்கு பெரிய போட்டிகள்) பட்டங்கள் வென்றதைப் பெரிதாகப் பேசுகிறார்கள். எய்சிஞ்சர், ஹோக், நார்மன் என்று எதிராளிகள் சொதப்பியதால்தானே பாதிக் கோப்பைகள் வந்தன?

பதில்: அவர்கள் சொதப்பினார்கள், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த நேரத்தில் சொதப்பாமல் பக்கத்தில் நின்றது ஏன் ஃபால்டோவாகவே இருந்தது என்றும் கேட்கணும் இல்லையா?

1987 பிரிட்டிஷ் ஓபன், ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்டு, கடைசி நாள். முப்பதாவது பிறந்தநாளுக்கு மறுநாள் அது. கடலிலிருந்து வந்த மூடுபனி, ஈரம், குளிர், அமெரிக்காவின் பால் எய்சிஞ்சரை விட ஒரு ஷாட் பின்னால். அன்று ஃபால்டோ 18 குழிகளிலும் பார் எடுத்தார், அதாவது எந்தக் குழிக்கு எத்தனை ஷாட் கணக்கோ அத்தனையேதான், ஒன்று கூடவும் இல்லை குறையவும் இல்லை. கோல்ஃபில் குறைந்த ஷாட் எடுப்பவர்தான் ஜெயிப்பார். (பாரை விட ஒரு ஷாட் குறைவான பேர்டி ஒன்றுகூடப் போடாமல் ஓபன் ஜெயிப்பது ஒரு ஜெயிப்பா என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு.) பந்து பங்கர் மணலில் விழுந்தபோதும் வெளியே எடுத்துப் போட்டு, அடுத்த புட்டில் (குழியை நோக்கி உருட்டும் அடி) பாரைக் காப்பாற்றிக்கொண்டார். கடைசிக் குழியில் ஐந்தாம் நம்பர் அயர்ன் மட்டையால் பந்தைக் கிரீனில் (குழியைச் சுற்றிய புல்தரை) ஏற்றினார், முதல் புட் குழியைத் தாண்டி ஓடியது, திரும்பி வந்த புட்டை உள்ளே போட்டார். பின்னால் வந்த எய்சிஞ்சர் 17, 18 இரண்டிலும் போகி, அதாவது பாரை விட ஒரு ஷாட் கூடுதல். ஒரு ஷாட்டில் கோப்பை. அந்த நிலைமையில் ஒரு குழியில்கூடத் தவறாமல் நாலரை மணி நேரம் தாக்குப்பிடிப்பதை அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது?

1989 மாஸ்டர்ஸ் (இதுவும் ஒரு மேஜர்) சமனில் முடிந்தபின் ஆடிய பிளே-ஆஃபில் ஸ்காட் ஹோக் ஒரு மீட்டர்கூட இல்லாத புட்டைத் தவறவிட்டார், சரி. ஆனால் அடுத்த குழியில், இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில், சுமார் 25 அடி தூரத்திலிருந்து புட்டை உள்ளே தள்ளியது ஃபால்டோ. மூன்றாவது சுற்றில் 77 எடுத்துத் தேறமாட்டார் என்றிருந்தவர், கடைசிச் சுற்றில் 65 எடுத்துத்தான் பிளே-ஆஃபுக்கே வந்தார்.

1996 மாஸ்டர்ஸைப் பற்றித்தான் எல்லோரும் அதிகம் பேசுவார்கள். கடைசி நாள் காலையில் கிரெக் நார்மன் ஆறு ஷாட் முன்னிலை. மாலையில் ஃபால்டோ ஐந்து ஷாட் வித்தியாசத்தில் சாம்பியன். நார்மன் 78, ஃபால்டோ 67. அந்த 67-ஐ யாரும் தானமாகக் கொடுக்கவில்லை. 13-வது குழியில் முன்னால் ஓடை, பந்து கிடந்ததோ சரிவில். முதலில் ஐந்தாம் நம்பர் வுட் மட்டையை எடுத்து நின்று பார்த்தார், மனசு ஒப்பவில்லை, பையில் திரும்ப வைத்துவிட்டு இரண்டாம் நம்பர் அயர்னை உருவினார். எதிராளி காத்திருக்கிறாரே, நேரமாகிறதே என்ற கவலையெல்லாம் கிடையாது. பந்து நேராகக் கிரீனில் போய் உட்கார்ந்தது, இரண்டு புட், பேர்டி. என்னைக் கேட்டால் அந்த நாளின் உண்மையான ஷாட் அதுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1990 பிரிட்டிஷ் ஓபனில், செயின்ட் ஆண்ட்ரூஸில், இரண்டு நாள் முடிவில் இதே நார்மனும் ஃபால்டோவும் சமம். மூன்றாம் நாள் ஒன்றாக ஆடினார்கள்: ஃபால்டோ 67, நார்மன் 76. கடைசியில் ஃபால்டோ பாருக்கு 18 ஷாட் குறைவாக எடுத்து ஐந்து ஷாட்டில் ஜெயித்தார். அங்கே யார் சறுக்கிக் கொடுத்தார்கள்?

கேள்வி: நன்றாக ஜெயித்துக்கொண்டிருந்தவர் எதற்காகத் தன் ஸ்விங்கையே, மட்டை வீசும் பாணியையே மாற்றினார்?

பதில்: 1983-ல் ஐரோப்பாவில் ஐந்து போட்டிகள் ஜெயித்து பரிசுப்பணத்தில் முதலிடத்தில் இருந்த ஆள்தான். ஆனால் மேஜரில் நெருக்கடி வந்தால் அந்த ஸ்விங் கைகொடுக்கவில்லை என்று அவருக்கே தெரிந்தது. 1985-ல் பயிற்சியாளர் டேவிட் லெட்பெட்டரிடம் போய், அடித்தளத்திலிருந்தே மாற்றச் சொன்னார். அதன்பின் 1985, 1986 இரண்டு வருடமும் ஒரு வெற்றி கிடையாது. பந்து மேல் பந்தாக அடித்துப் பழகியதுதான் மிச்சம், ஆள் முடிந்தார் என்று எழுதியவர்கள் நிறைய. 1987 ஏப்ரலில் மாஸ்டர்ஸுக்கு அழைப்புகூட இல்லை. அதே வாரம் மிசிசிப்பியில் ஹாட்டீஸ்பர்க் என்ற ஊரில் நடந்த சின்னப் போட்டியில் ஆடி நாலு நாளும் 67, 67, 67, 67 எடுத்து இரண்டாவதாக வந்தார். புது ஸ்விங் எப்படி அடித்தாலும் ஒரே மாதிரி வரும் என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்! மே மாதம் ஸ்பானிஷ் ஓபன், ஜூலையில் மியூர்ஃபீல்டு. உடனே நீங்களும் உங்கள் ஸ்விங்கைப் பிரித்துப்போட்டுவிடாதீர்கள், அவருக்கு அதைத் தவிர வேறு வேலை இல்லை.

கேள்வி: சக ஆட்டக்காரர்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் அவரைப் பிடிக்காதாமே?

பதில்: மைதானத்தில் யாரோடும் அளவளாவும் ரகமில்லை. பேச்சு வேண்டுமென்றால் கேடி (மட்டைப் பையைச் சுமக்கும் உதவியாளர்) ஃபேனி சுனசனிடம்தான். ஸ்வீடன் பெண்மணி, ஆறு மேஜர்களில் நாலு அவர் பையைச் சுமந்தபோது வந்தவை. பத்திரிகைகள் மேல் கோபம் உண்டு, 1992 ஓபனை ஜெயித்த மேடையிலேயே, அழுத கண்ணோடு, அவர்களுக்கு நக்கலாக நன்றி சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. பரிசு வாங்கும் இடத்தில் பழி தீர்க்கக்கூடாது.

கேள்வி: ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கப்பில் கேப்டனாக ஏன் தோற்றார்?

பதில்: 2008-ல் அமெரிக்காவின் வால்ஹல்லாவில் 16½-11½. கடைசி நாள் ஒற்றையர் ஆட்டங்களில் போல்ட்டர், வெஸ்ட்வுட், ஹாரிங்டன் மூவரையும் வரிசையின் கடைசியில் வைத்தார், அவர்கள் முடிப்பதற்குள் கோப்பை அமெரிக்காவுக்குப் போய்விட்டது. ஆட்டக்காரராக வேறு கதை: தொடர்ந்து பதினொரு ரைடர் கப், 25 புள்ளிகள், 2018-ல் செர்ஜியோ கார்சியா தாண்டும்வரை அதுதான் சாதனை. 20 வயதில் ஆடிய முதல் ரைடர் கப்பிலேயே ஒற்றையரில் டாம் வாட்சனைத் தோற்கடித்திருக்கிறார்.

கேள்வி: அவருக்குப் பிறகு இங்கிலாந்தில் யார்?

பதில்: ஜஸ்டின் ரோஸ், டேனி வில்லெட், மேட் ஃபிட்ஸ்பேட்ரிக் ஆளுக்கொரு மேஜர். லீ வெஸ்ட்வுட்டும் லூக் டொனால்டும் உலக நம்பர் ஒன் ஆனார்கள், மேஜர் கிடைக்கவில்லை. ஓபனைப் பொறுத்தவரை 1992 ஃபால்டோவுக்குப் பிறகு 2025 வரை ஒரு ஆங்கிலேயரும் இல்லை.