தென்மேற்கு இங்கிலாந்தில் டார்செட் முதல் கார்ன்வால் வரை ஏழு நாள் கோச் (சுற்றுலாப் பேருந்து) பயணம்: கேள்வி-பதில்

லண்டனிலிருந்து லேண்ட்ஸ் எண்டுக்குக் காலையில் கிளம்பி இரவே திரும்பிவிட முடியுமா? (சென்னை)

முடியாது. லேண்ட்ஸ் எண்ட் கார்ன்வாலின் மேற்கு முனை. போக மட்டும் 480 கிலோமீட்டர். கோச் வண்டியின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்ட விடாது. டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே ஆக வேண்டும்.

குடும்பத்தோடு இங்கிலாந்து போகிறோம். என்ன உடை எடுத்துக்கொள்வது? (மதுரை)

எந்த மாதம் என்று எழுதாமல் உடை கேட்டால் எப்படிச் சொல்வது? ஜூன் கடைசியில் கார்ன்வாலில் இரவு ஒன்பதரைக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பரில் நாலேகாலுக்கெல்லாம் மறைந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெட்டி ஆகாது. அடுத்த முறை கேட்பவர்கள் மாதம், வயது, எத்தனை பேர் என்ற மூன்றையும் எழுதுங்கள்.

எந்த மாதமானாலும் வேண்டியவை: தலையை மூடும் மழைக்கோட்டு, அடிப்பாகம் வழுக்காத ஷூ, மெல்லிய கம்பளி ஸ்வெட்டர் ஒன்று. குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். கடற்காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுவதும் காயாது. ஊருக்குள் சேலை கட்டலாம். பாறை விளிம்பில் போகும் பாதைகளில் வேண்டாம். காற்று முந்தானையைப் பிடித்து இழுக்கும்.

ஒரு நிறுவனம் ஏழு நாளில் 18 இடம் காட்டுகிறது. இன்னொன்று அதே பணத்துக்கு 9 இடம்தான். 18 இடம்தானே லாபம்? (கோவை)

இல்லை. இந்தக் கேள்வி ஒவ்வொரு முறையும் வருகிறது. இடங்களை எண்ணிப் பயணத்தை வாங்கும் பழக்கம்தான் அதிகப் பேரை ஏமாற்றுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு நாளில் லண்டனிலிருந்து போக ஒரு நாள், திரும்ப ஒரு நாள் கழியும். மிச்சம் ஐந்து நாள். அதில் 18 இடம் என்றால் நாளுக்கு மூன்று, நான்கு. 40 பேர் இறங்கக் கால் மணி, திரும்ப வந்து ஏறி எண்ணி முடிக்கக் கால் மணி. நான்கு நிறுத்தத்துக்கு இரண்டு மணி நேரம் இப்படியே போகும். கார்ன்வாலின் சாலைகளில் கோச் மணிக்கு 50 கிலோமீட்டர் போனால் பெரிது. மதிய உணவையும் கழித்தால் ஓர் இடத்துக்கு 40 நிமிடம்தான் தேறும்.

அந்த 40 நிமிடத்தில் என்ன ஆகும்? டர்டில் டோரில் வண்டி நிற்பது மேட்டில். செங்குத்தான பாதையில் இறங்கக் கால் மணி, ஏற இருபது நிமிடம். கடலோரப் பாறை வளைவை எட்டிப் பார்த்துவிட்டு ஓட வேண்டியதுதான். குளொவெல்லி ஊருக்குள் வண்டியே போகாது. மேலேயே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு கூழாங்கல் பாவிய சரிவில் துறைமுகம் வரை இறங்க வேண்டும். பொல்பெரோவிலும் வண்டியை ஊருக்கு வெளியே விட்டு முக்கால் கிலோமீட்டர் நடை. இவை ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரமாவது வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தையே விட்டுவிடுவது மேல்.

விளம்பரத் தாளில் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், வினைச்சொல்லைப் பாருங்கள். "நுழைவுக் கட்டணம் உட்பட" என்றால் உள்ளே போவீர்கள். "வெளியிலிருந்து காணுதல்" என்றால் வாசலோடு சரி. "வழியில் கண்டு செல்லுதல்" என்றால் வண்டி நிற்காது. ஸ்டோன்ஹெஞ்சைச் சாலையிலிருந்தே காட்டிவிட்டுக் கணக்கில் சேர்ப்பது இந்த வகை. உள்ளே போகும் ஸ்டோன்ஹெஞ்ச் பயணத்தில் பார்வையாளர் கூடத்தில் இறங்கி, அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் சிறு பேருந்தில் போய்க் கல்வட்டத்தைச் சுற்றி வர வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஒவ்வோர் இடத்திலும் எத்தனை நிமிடம், ஒவ்வோர் இரவும் எந்த ஊரில் தங்கல் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். இரவு தங்கும் ஊர் இரண்டுக்கு மேல் வேண்டாம். டார்செட்டில் மூன்று இரவு, கார்ன்வாலில் மூன்று இரவு. தினமும் பெட்டி கட்டினால் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் அதற்கே போகும்.

செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்டுக்குக் கடலுக்குள் நடந்து போகலாமாமே? காலை எத்தனை மணிக்குப் போனால் சரி? (யாழ்ப்பாணம்)

நேரம் நாளுக்கு நாள் மாறும். மவுண்ட் ஒரு சிறு தீவு. கார்ன்வாலின் மராசியன் ஊர்க் கரையிலிருந்து அதற்குப் போகும் கல்பாதை, கடல் வற்றும்போது சுமார் நான்கு மணி நேரம் வெளியே தெரியும். ஒரு வற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே தினமும் 50 நிமிடம் தள்ளிப்போகும். திங்கள் காலை பத்துக்கு வற்றம் என்றால் வியாழனன்று பன்னிரண்டரைக்கு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும்.

ஓத அட்டவணை (கடல் ஏறும், வற்றும் நேரப் பட்டியல்) பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள். சில அட்டவணைகள் ஆண்டு முழுவதும் கிரீனிச் நேரத்தில் இருக்கும். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை அங்கே கடிகாரத்தை முன்தள்ளி வைப்பதால் அதோடு ஒரு மணி கூட்ட வேண்டும். தண்ணீர் பாதையைத் தொட ஆரம்பித்துவிட்டால் இறங்காதீர்கள். படகுக்குக் காத்திருங்கள்.

லைம் ரீஜிஸில் தொல்லுயிர் எச்சம் பொறுக்க அனுமதி உண்டா? சுத்தியல் கொண்டுபோகலாமா? (பெங்களூரு)

கரையில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்கலாம். பாறைச் சுவரில் சுத்தியல் வைக்கக் கூடாது. எக்ஸ்மவுத் முதல் ஸ்டட்லண்ட் வரையுள்ள 153 கிலோமீட்டர் கரை 2001 முதல் உலகப் பாரம்பரியக் களம். 18 கோடி ஆண்டுக்கு மேலான வரலாறு அந்த அடுக்குகளில் இருக்கிறது. மேரி ஆன்னிங் 1811-12இல் இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் எலும்புக்கூட்டை எடுத்தது இந்த லைம் ரீஜிஸ் பக்கம்தான். உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் அம்மோனைட் சுருளும் பெலெம்னைட் குச்சியும். இரண்டும் பழங்காலக் கடலுயிர்களின் எச்சம்.

லைம் ரீஜிஸுக்கும் சார்மவுத்துக்கும் இடையே சரிவு ஈரக் களிமண். மழைக்குப் பிறகு சேறாகச் சரியும். அடிவாரத்தில் நிற்காதீர்கள், கடல் பக்கமாகவே தேடுங்கள். இங்கும் ஓத அட்டவணைதான் முதலில்: கடல் வற்றிக்கொண்டிருக்கும்போது கிளம்பி, திரும்ப ஏறத் தொடங்குமுன் கரையேறிவிடுங்கள். பாறைக்கும் கடலுக்கும் நடுவில் சிக்கியவர்களைப் படகு வந்து மீட்பது அங்கே அடிக்கடி நடக்கிறது.

அம்மாவுக்கு 71 வயது, மூட்டுவலி. இந்தப் பயணம் ஒத்துவருமா? (திருச்சி)

வயதையும் நோயையும் எழுதியதற்கு நன்றி. வெல்ஸ் பேராலயம், ஸ்டோன்ஹெஞ்ச், கார்ஃப் கோட்டை நிலையத்திலிருந்து ஸ்வானேஜுக்கு நீராவி ரயில், மூன்றும் அவருக்கு ஏற்றவை. டின்டாஜெல் கோட்டை, டர்டில் டோர், குளொவெல்லி, பாறைச் சரிவிலுள்ள மினாக் அரங்கம் நான்கும் படியும் சரிவுமாக இருக்கும். அன்றைக்கு அவர் இறங்கி ஏறாமல் வண்டி நிற்கும் இடத்தருகே உட்கார ஏற்பாடு செய்யுங்கள். கிராமப்புற ஓட்டல்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. தரைத்தள அறை வேண்டும் என்று பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள்.

சுத்த சைவம். ஏழு நாளும் ரொட்டிதானா? (சேலம்)

இல்லை. ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். கார்னிஷ் பேஸ்டி (கார்ன்வாலின் அடைத்துச் சுட்ட மாவுப் பண்டம்) என்றாலே மாட்டிறைச்சி. சைவம் வேண்டுமானால் சீஸ்-வெங்காயப் பேஸ்டி என்று சொல்லிக் கேளுங்கள். சில கடைகளில் சிப்ஸை மாட்டுக்கொழுப்பில் பொரிக்கிறார்கள். வூஸ்டர் சாஸில் நெத்தலி வகை மீன் உண்டு. சீஸிலும் விலங்கு ரென்னெட் (கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலை உறையவைக்கும் பொருள்) இருக்கலாம். பல பப்களில் சமையலறை இரண்டு, இரண்டரைக்கு மூடி மாலை ஆறுக்குத்தான் திறக்கும். மூன்று மணிக்குப் போனால் கிரீம் டீதான்: தேநீரும், கிரீமும் ஜாமும் தடவிய ஸ்கோன் என்ற சிறு கேக்கும்.

ஓட்டல் அறையில் சிறு குக்கரில் சாதம் வைத்துக்கொள்ளலாமா? (தஞ்சாவூர்)

கூடாது. ஆவி பட்டுத் தீயெச்சரிக்கை மணி அடித்தால் ஓட்டலே காலியாகி வாசலில் நிற்கும்.

ஆள் சேராவிட்டால் பயணத்தை ரத்து செய்வோம் என்று விதியில் இருக்கிறது. எப்போது சொல்வார்கள்? (சிங்கப்பூர்)

பிரிட்டன் நிறுவனத்தின் தொகுப்புப் பயணம், ஆறு நாளுக்கு மேல் என்றால், குறைந்தது 20 நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். கட்டிய பணம் முழுவதும் திரும்ப வரும். நீங்கள் தனியாக எடுத்த விமானச் சீட்டுப் பணம் அதில் சேராது. விசாவும் கையில் வந்து, பயணமும் உறுதி என்று எழுத்தில் வந்த பிறகு சீட்டு எடுங்கள்.

கடலில் குளிக்கலாமா? (தூத்துக்குடி)

சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு இடையில் மட்டும். முழுச் சிவப்புக் கொடி என்றால் இறங்கக் கூடாது. கறுப்பு-வெள்ளைக் கட்டம் அலைச்சறுக்குக்காரர்களுக்கு. நம் கடல்போல் வெதுவெதுப்பு இராது: ஆகஸ்டிலேயே 16, 17 டிகிரி. ஆபத்தென்றால் 999 அழைத்து கோஸ்ட்கார்டு என்று சொல்லுங்கள்.

எக்ஸிடரிலிருந்து பிளிமவுத் போகும் ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும்? (புதுச்சேரி)

போகும் திசையைப் பார்த்து இடது பக்கம். டாலிஷ் அருகே தண்டவாளம் கடற்சுவரின் மேலேயே போகும்.