வேர்க்கடலைக் கணக்கு ஏன் குறைகிறது?

ஊட்டியில் 0.6 கிராம் கடலையை எரித்ததில் 50 மில்லி தண்ணீர் 20 டிகிரி ஏறியது, கிராமுக்கு 1.7 கிலோகலோரிதான் வருகிறது, பாக்கெட்டில் 5.6 இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். கணக்கு சரிதான், வெப்பம்தான் பக்கவாட்டில் ஓடுகிறது. தண்ணீர் வைக்கக் கண்ணாடிக் குழாய் வேண்டாம், சின்னத் தகர டப்பா எடுங்கள். சுற்றி அலுமினியத் தாள், அடியில் காற்று நுழைய இடைவெளி. கடலையைத் தள்ளி வைத்துப் பற்றவைத்து, பிறகு டப்பாவுக்கு அடியில் நகர்த்துங்கள். தீக்குச்சியின் சூடு கலக்காது. மிஞ்சிய கரியை எடை போட்டுக் கழியுங்கள். இரண்டு கடலை எரிப்பதானால் தண்ணீர் 100 மில்லி வேண்டும். குறைந்தால், ஊட்டி உயரத்தில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆவியாகப் போன வெப்பம் தெர்மாமீட்டரில் தெரியாது.

இத்தனைக்கும் பிறகும் 5.6 வராது. ஆய்வகத்தில் உயர் அழுத்த ஆக்சிஜன் நிரப்பிய எஃகுக் கலத்தை நீரில் அமிழ்த்தி எரிப்பார்கள். பாக்கெட் எண்ணோ பெரும்பாலும் எரித்துப் பார்த்ததே இல்லை: கிராமுக்குக் கொழுப்பு 9, புரதமும் மாவுச்சத்தும் 4 என்று பெருக்கிக் கூட்டியது.