அதே ஃபைலில் திருத்தம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஃபைலில் உள்ள சொற்களை மாற்றும் செட் (sed) கட்டளையின் வெளியீட்டை, அம்புக்குறி (>) போட்டு அதே ஃபைலுக்குத் திருப்பிவிட்டேன். ஃபைல் 0 பைட் ஆகிவிட்டது. ஏன்?

பதில்: செட் மேல் தப்பில்லை. அம்புக்குறியைப் பார்த்ததும் ஷெல் (நாம் தட்டும் கட்டளைகளை ஓட்டும் நிரல்) முதல் வேலையாக அந்த ஃபைலைக் காலி செய்துவிடும். அதன் பிறகுதான் செட் ஓடும். படிக்க வரும்போது உள்ளே ஒன்றும் இருக்காது. நானும் இப்படி ஒரு நாள் வேலையைத் தொலைத்தவன்தான். வேறு பெயரில் எழுதிவிட்டு, எரர் இல்லையென்றால் மட்டும் பழைய பெயருக்கு மாற்றுங்கள்.

கேள்வி: செட்டுக்கு 'மைனஸ் ஐ' (-i) ஆப்ஷன் போட்டால் அதே ஃபைலில்தானே எழுதும்?

பதில்: பார்த்தால் அப்படித்தான் தெரியும். உண்மையில் அதே டைரக்டரியில் ஒரு தற்காலிக ஃபைலை உருவாக்கி, எழுதி முடித்து, அதற்குப் பழைய பெயரைச் சூட்டுகிறது. முன்னும் பின்னும் ஐநோடு எண்ணை (ஃபைல் சிஸ்டம் ஃபைலுக்குத் தரும் அடையாள எண்) பாருங்கள், மாறியிருக்கும். அதனால் லினக்ஸில் சிம்லிங்க் (வேறு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழி) மேல் ஓட்டினால் லிங்க் போய், அந்த இடத்தில் சாதாரண ஃபைல் உட்கார்ந்திருக்கும். அசல் ஃபைல் திருந்தாமலே கிடக்கும். லினக்ஸில் வழக்கமாக இருக்கும் க்னூ செட்டில் லிங்கைப் பின்தொடரச் சொல்லத் தனி ஆப்ஷன் இருக்கிறது.

கேள்வி: லினக்ஸில் ஓடும் ஸ்கிரிப்ட் மேக்கில் எரர் தருகிறதே?

பதில்: மேக்கில் இருப்பது பிஎஸ்டி செட் என்ற வேறு வகை. அதில் 'ஐ'க்குப் பின் பேக்கப் ஃபைலின் பெயருக்கான பின்னொட்டை, வெற்றாகவாவது, கொடுப்பது கட்டாயம். 'ஐ'யோடு ஒட்டியே 'புள்ளி பேக்' (-i.bak) என்று எழுதினால் இரண்டிலும் ஓடும், பேக்கப்பும் கிடைக்கும். 'ஐ'யோடு 'ஈ'யை மட்டும் ஒட்டிவிடாதீர்கள் (-ie). அந்த 'ஈ'யே பின்னொட்டாகி, ஃபோல்டர் முழுக்க ஈ மொய்க்கும்.

கேள்வி: பைத்தானில் ரைட் மோடில் திறந்து எழுதினால் போதாதா?

பதில்: போதாது. திறந்த கணமே பழைய உள்ளடக்கம் போய்விடும். பாதியில் கரண்ட் போனால் கையில் பாதிதான். தற்காலிக ஃபைலில் எழுதி, எழுதியது டிஸ்க்குக்குப் போய்ச் சேர ஃப்ளஷ், எஃப்சிங்க் செய்து, கடைசியில் ஓஎஸ் மாட்யூலின் ரீப்ளேஸால் மாற்றுங்கள். அந்தத் தற்காலிக ஃபைல் அசல் இருக்கும் டைரக்டரியிலேயே இருக்கட்டும். வேறு ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் ரீப்ளேஸ் எரர் அடிக்கும். அப்புறம், எம்கேஎஸ்டெம்ப் என்ற பைத்தான் ஃபங்ஷன் உருவாக்கும் தற்காலிக ஃபைலை உரிமையாளர் மட்டுமே படிக்கலாம். பழைய பர்மிஷனை நகலெடுக்க மறந்தால், உங்களுக்கு எல்லாம் சரியாகத் தெரியும்; வெப் சர்வரால் திறக்க முடியாது.

கேள்வி: ஒரே சொல்லைத்தான் மாற்றினேன். ஃபைல் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட் (Git) எல்லா வரியும் மாறியதாகக் காட்டுகிறது!

பதில்: விண்டோஸ் வரிமுடிவு கொண்ட ஃபைலை லினக்ஸில் பைத்தானால் திருத்தியிருப்பீர்கள்; அது எல்லா வரிமுடிவையும் லினக்ஸ் பாணிக்கு மாற்றிவிட்டது. படிக்கும்போதும் எழுதும்போதும் ஓப்பன் ஃபங்ஷனின் நியூலைன் ஆப்ஷனுக்கு வெற்று ஸ்ட்ரிங் கொடுங்கள்.