ஏழு மாதம் குடிக்காதவர் மறுபடி ஆரம்பித்துவிட்டார். பவுடர் கலந்து கொடுக்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. போன வருடம் மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்தார். அதன்பின் ஏழு மாதம் தொடவே இல்லை. பெரியப்பா சாவுக்குப் போன இடத்தில் ஆரம்பித்து, பத்து நாளாகத் தினமும் குடிக்கிறார். காலையில் கை நடுங்குகிறது. செலவழித்ததெல்லாம் வீண்தானா? அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்க ஒரு பவுடர் இருப்பதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, அயனாவரம்

பதில்: பவுடர் வேண்டவே வேண்டாம் அம்மா. அப்படிக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் டைசல்ஃபிராம் என்ற, குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் மாத்திரையைப் பொடித்ததாக இருக்கும். சில சமயம் என்னவென்றே தெரியாத பொடி. டைசல்ஃபிராம் உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இதயக் கோளாறு இருப்பவர் உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து உண்டு. அதனால் கல்லீரலையும் இதயத்தையும் பரிசோதித்து, விளக்கிச் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் தருவோம். ஒளித்துக் கலந்தது தெரிந்துவிட்டால் நீங்கள் போடும் சோற்றைக்கூட அவர் சந்தேகப்படுவார்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைப்பது காலை நடுக்கம்தான். உடம்பு மறுபடி சாராயத்துக்குப் பழகிவிட்டதன் அடையாளம் அது. இந்த நிலையில் வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். கடைசியாகக் குடித்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளில் ஆள் தெரியாமல் உளறலாம், இல்லாததைப் பார்த்துப் பயப்படலாம். கார்த்திகையில் மாலை போட்டு சட்டென்று நிறுத்துகிறவர்களில் சிலர் வலிப்போடு வந்து சேர்வதும் இதனால்தான். (சாமி குத்தம் என்று நினைத்து மருத்துவமனைக்குத் தாமதிக்கிற குடும்பங்களும் உண்டு.) நடுக்கத்துக்கு மருந்து, பி1 வைட்டமின் ஊசி என்று சில நாள் கண்காணிப்பில் இருந்தாலே இது அடங்கும்.

சாவு வீட்டில் ஆரம்பித்தது என்கிறீர்கள். குடித்தது அங்கேதான். ஆனால் அதற்கு முந்தைய ஓரிரு மாதத்தை யோசித்துப் பாருங்கள். ‘எனக்குத்தான் சரியாயிடுச்சே’ என்று மாத்திரையை விட்டாரா? தூக்கமில்லாமல் புரண்டாரா? சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தாரா? பழைய கூட்டாளிகளோடு சனிக்கிழமை சம்பளம் வாங்கி ‘சும்மா’ நின்று பேச ஆரம்பித்தாரா? மறுபடி விழுவது பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. சாவு வீட்டில் யாரோ நீட்டிய ஒரு கட்டிங், பத்து நாளாக நீள்வதற்குக் காரணம் ஆசை மட்டுமல்ல. ‘கெட்டது கெட்டாச்சு, இனி என்ன’ என்ற குற்ற உணர்ச்சியும்தான். அதனால் ‘பணமெல்லாம் போச்சே’ என்று அவர் காதுபட அழாதீர்கள். அந்தப் பேச்சே அடுத்த குவார்ட்டருக்குக் காரணமாகும்.

ஏழு மாதம் வீணில்லை. சர்க்கரை, பிரஷர் போல இதுவும் திரும்பத் திரும்பத் தலைதூக்கும் நோய். சிகிச்சை முடிந்தவர்களில் பலர் ஒரு தடவையாவது வழுக்குகிறார்கள். எதனால் தாக்குப்பிடித்தார் என்பதை அவரிடமே கேளுங்கள். ஏ.ஏ. கூட்டமா (குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கூட்டம்), மாத்திரையா, வேலை முடிந்து வீட்டில் இருந்த நேரமா? அதையே மறுபடி பிடிக்க வேண்டும். ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு.

ராத்திரி போதையில் இருப்பவரிடம் பேசிப் பயனில்லை. டாஸ்மாக் 12 மணிக்குத்தான் திறக்கும், காலையில் பேசுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான். பெயரைக் கேட்டதும் ஆட்டோக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். காலையிலேயே புறநோயாளிப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். மையத்தில் தந்த டிஸ்சார்ஜ் சீட்டையும் மீதி மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வர மறுத்தாலும் நீங்கள் மட்டும் போய் ஆலோசனை கேட்கலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். வலிப்போ உளறலோ வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.