கறிவேப்பிலையைக்கூடப் பொறுக்கி வைக்கிறான், மிஸி!

வன்னியில் குடும்பநல உத்தியோகத்தராக இருபத்தெட்டு வருடம் வீடு வீடாகப் போனவள் நான், முதலில் சைக்கிளில், பிறகு ஸ்கூட்டியில். ஓய்வு பெற்ற பிறகும் "மிஸி" என்ற பெயர் போகவில்லை. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும்போதும் யாராவது வந்து, "மிஸி, இவன் ஒன்றும் சாப்பிடுகிறான் இல்லை" என்பார்கள். விசாரித்தால் சோறு சாப்பிடுவான், மீன் சாப்பிடுவான், பிஸ்கற் சாப்பிடுவான். அந்த 'ஒன்றும்' என்பது மரக்கறிதான். அதனால் இந்த முறை மரக்கறிக் கேள்விகளை மட்டும் கேட்டு வாங்கினேன்.

வட்டக்கச்சியிலிருந்து ஓர் அம்மா: மகனுக்கு மூன்று வயது. சோறும் சொதியும் மீனும் என்றால் சாப்பிடுவான். மரக்கறி என்றால் கறிவேப்பிலையைக்கூடப் பொறுக்கி வெளியே வைக்கிறான். முற்றம் முழுக்க ஓடி ஓடித்தான் தீத்துகிறேன், ஒரு மணித்தியாலம் போகிறது. ஒரு வயது வரைக்கும் கொடுத்ததெல்லாம் சாப்பிட்ட பிள்ளை மிஸி. எங்கே பிழை விட்டேன்?

நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை பிள்ளை. மூன்று கிலோவில் பிறக்கிற குழந்தை ஒரு வயதில் ஒன்பது கிலோ அளவுக்கு வந்துவிடும். அதே வேகத்தில் போனால் இரண்டாவது வயதில் இருபத்தேழு கிலோ இருக்க வேண்டும்! அப்படி நடப்பதில்லை. இரண்டு வயதுக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு கிலோ அளவுதான் ஏறும். வளர்ச்சி மெதுவாகும்போது பசியும் குறையும். நாம்தான் பழைய கணக்கிலேயே கோப்பையை நிரப்புகிறோம்.

இன்னொன்று, நடக்கத் தொடங்கும் வயதில் கூடவே சந்தேகமும் தொடங்கும். புதுச் சாப்பாடு, பச்சை நிறம், கசப்பு, வழுவழுப்பு எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்'. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை இது கூடுதலாக இருக்கும். முற்றத்தில் கண்ட இலையையும் காயையும் பிடுங்கித் தின்னாமல் இருக்க உடம்பு போட்ட வேலி என்று சொல்வார்கள். வேலியைப் பிய்த்துக்கொண்டு போக வேண்டாம், படலையைத் தட்டிக்கொண்டு நில்லுங்கள்.

எத்தனை தரம் தட்டுவது? ஒரே மரக்கறியைப் பத்துப் பதினைந்து தரம் கண்டு, மணந்து, நாக்கில் வைத்த பிறகுதான் பல பிள்ளைகள் ஏற்றுக்கொள்கின்றன. நாமோ மூன்று தரம் துப்பியதும் 'இவனுக்குப் பூசணிக்காய் பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுவோம். அவனுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அந்தத் தீர்ப்பை வாசித்தும் காட்டுவோம். பிறகு அவன் எப்படிச் சாப்பிடுவான், பேரைக் காப்பாற்ற வேண்டாமா?

என் பேத்திக்குப் பூசணிக்காய்ப் பால்கறி வைத்த கதையைச் சொல்கிறேன். மாதுளம் முத்தளவில் ஒரு துண்டு, கோப்பையின் ஓரத்தில். முதல் நாள் விரலால் தட்டிவிட்டாள், கோழி சாப்பிட்டது. நாலாம் நாள் எடுத்து மணந்து பார்த்தாள். ஏழாம் நாள் நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தாள். பதினோராம் நாள் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். நான் காணாததுபோலச் சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தேன். கை தட்டியிருந்தால் அடுத்த வாயைத் துப்பியிருப்பாள்.

முற்றத்தில் ஓடுவதை நாளையிலிருந்தே விடுங்கள். பாயில் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள். அவனுக்கும் ஒரு கோப்பை, அவன் கையாலேயே. கொட்டும், சிந்தும், பரவாயில்லை. அரை மணித்தியாலத்தில் கோப்பையை எடுத்துவிடுங்கள், பேச்சு வேண்டாம். அடுத்த சாப்பாடு வரைக்கும் தண்ணீர் மட்டும். முதல் கிழமை உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

விசுவமடுவிலிருந்து ஓர் அப்பா: "இதைச் சாப்பிட்டால் ரொபி தருவேன், போன் தருவேன்" என்று சொல்லித்தான் மகளுக்கு இரண்டு வாய் போஞ்சி போகிறது. இது சரியா?

அன்றைக்கு இரண்டு வாய் போகும். ஆனால் மகள் படிக்கிற பாடம் வேறு: கூலி கொடுத்தால்தான் இறங்குகிற சாமான் போஞ்சி, கூலியாக வருகிற ரொபி நல்ல சாமான். போனைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கிற பிள்ளைக்கு என்ன சாப்பிட்டோம் என்றும் தெரியாது, வயிறு நிறைந்ததா என்றும் தெரியாது. ரொபி கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போஞ்சியோடு முடிச்சுப் போடாதீர்கள்.

சரி, குறை நினைக்காமல் ஒன்று சொல்லுங்கள் தம்பி. உங்கள் கோப்பையில் பாவற்காய் விழுந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? பிள்ளைகள் அப்பாவின் கோப்பையைத்தான் முதலில் பார்க்கின்றன.

முள்ளியவளையிலிருந்து ஓர் அம்மம்மா: பேரனுக்கு நாலு வயது. "தீத்த வேண்டாம், காணும் என்றால் விடுங்கோ" என்று மகள் என்னோடு சண்டை. அவன் சோற்றையும் கறியையும் மிச்சம் விட்டு எழும்பினால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. நாங்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஆட்கள் பிள்ளை.

அம்மா, நானும் நின்றவள்தான். 2009 இல், போரின் கடைசி மாதங்களில், ஒரு அகப்பை வெறும் கஞ்சி எவ்வளவு பெரிய சாமான் என்று நமக்குத் தெரியும். பிள்ளையின் வாயில் ஏதாவது ஒன்று போய்விட்டால் அந்த நாள் போய்விடும். அந்தப் பதற்றம் நம் கையை விட்டு இன்னும் போகவில்லை. பேரன் மிச்சம் விடுகிற சோற்றில் நமக்குத் தெரிவது வேறு எதுவோ. அதை மகள் விளங்கிக்கொள்ள வேண்டும், அவவுக்கும் இதைக் காட்டுங்கள்.

ஆனால் சண்டையில் நான் மகள் பக்கம். எலின் சாற்றர் என்ற அமெரிக்க உணவு ஆலோசகர் இதை ஒரு பங்கீடாகச் சொல்லியிருக்கிறார். எதை, எப்போது, எங்கே வைத்துக் கொடுப்பது என்பது பெரியவர் வேலை. அதில் எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா இல்லையா என்பது பிள்ளையின் வேலை. வலிந்து தீத்தத் தீத்த அந்தச் சாப்பாட்டிலேயே வெறுப்பு வரும், அதிலும் மரக்கறியில்தான் முதலில் வரும்.

மிச்சம் விடுவது பொறுக்கவில்லை என்றால் முதலிலேயே கொஞ்சமாகப் போடுங்கள். இரண்டு கரண்டி சோறு, ஒரு கரண்டி கறி. காணாவிட்டால் அவனே கேட்பான். "இன்னும் வேணும் அம்மம்மா" என்று கேட்கிற பிள்ளையைப் பார்க்க உங்களுக்கும் நல்லாயிருக்கும். கை சும்மா இருக்க மாட்டாது என்றால் பயற்றங்காயை அவனோடு இருந்து முறியுங்கள். 'டக்' என்று முறிகிற சத்தத்துக்காகவே ஒன்றைக் கடித்தும் பார்ப்பான்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் அம்மா: கீரை என்றாலே துப்புகிறாள், இரண்டரை வயது. வல்லாரை நல்லது என்று அதில் தொடங்கினேன். ஒளித்துக் கொடுக்கலாமா?

வல்லாரையில் தொடங்கினீர்களா! அது நமக்கே சம்பலாக்கித் தேங்காய்ப்பூவும் தேசிக்காய்ப் புளியும் விட்டால்தானே இறங்குகிறது. பிள்ளைகளின் நாக்குக்குக் கசப்பு நம்மைவிடக் கூடுதலாகத் தெரியும். கசப்பில்லாத இலையில் தொடங்குங்கள். பசளியைப் பருப்போடு அவித்து மசித்து, கடைசியில் தேங்காயின் முதற்பால் விட்டு இறக்கினால் கீரை என்ற நினைப்பே வராது. அது பழகிய பிறகு முளைக்கீரை, பொன்னாங்காணி. வல்லாரையும் குறிஞ்சாவும் பள்ளிக்கூடம் போகிற வயதில் பார்ப்போம்.

முருங்கையிலை வறைக்கு என் கைப்பழக்கம் இது. இலையை உருவி, காம்பு ஒன்றும் இல்லாமல் பார்த்து, பொடியாக அரியுங்கள். பிள்ளைகள் துப்புவது பாதி நேரம் காம்பால்தான். தாச்சியில் வெங்காயம் வதங்கியதும் இலையைப் போட்டு, மூடாமல் பிரட்டி, நிறம் மாறியதும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். தேங்காய்ப்பூ போட்டு இறக்கிய பிறகு தேசிக்காய் இரண்டு துளி. தேங்காயில் உள்ள கொழுப்பு, கீரையின் விற்றமின் ஏ உடம்பில் சேர உதவும். தேசிக்காயின் விற்றமின் சி, இரும்புச்சத்துச் சேர உதவும். சாப்பாட்டோடு பிளேன்ரீ கொடுத்தால் அந்த இரும்புச்சத்துச் சேர்வதைத் தேயிலை குறைத்துவிடும். சின்னப் பிள்ளைக்குத் தேத்தண்ணீரே தேவையில்லை. நம் வீடுகளில் இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

ஒளித்துக் கொடுக்கலாம். பிட்டு மாவோடு முருங்கையிலையைக் கலந்து அவித்த கீரைப்பிட்டும், தோசை மாவில் துருவிய கரட்டும் நல்ல சாப்பாடுதான். ஆனால் ஒளித்ததை மட்டுமே சாப்பிடுகிற பிள்ளை, கீரையைக் கண்ணால் காணும்போது திரும்பவும் துப்பும். அதனால் பிட்டுக்குள் இருப்பது இருக்க, கோப்பை ஓரத்தில் ஒரு கிள்ளு வறையும் இருக்கட்டும். "இதுக்குள் ஒன்றும் இல்லை" என்று பொய் மட்டும் சொல்லாதீர்கள். கண்டுபிடித்தால் பிட்டும் போய்விடும்.

மல்லாவியிலிருந்து ஓர் அம்மா: பால் மட்டும் நன்றாகக் குடிக்கிறான், நாளுக்கு ஐந்து போத்தல். மூன்று வயதாகப் போகிறது. பால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன்.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஐந்து போத்தல் பால் இருக்கிற வயிற்றில் கத்தரிக்காய்க்கு எங்கே இடம்? நாளுக்கு 400 முதல் 500 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, பாலாலேயே வயிறு நிறைந்த பிள்ளைக்கு இரத்தச்சோகை வரும். போத்தலை நிறுத்திக் கப்புக்கு மாற்றுங்கள், பாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள். இரண்டு நாள் அழுவான். பின்னேரத்தில் பக்கற் மிக்சர் கொடுக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை, நீங்களே யோசியுங்கள்.

மாங்குளத்திலிருந்து ஓர் அம்மா: மகளுக்கு எட்டு மாதம். இந்தப் பிரச்சினை வராமல் இப்போதே ஏதாவது செய்யலாமா?

கட்டாயம். ஆறு மாதம் முடிந்ததும் மரக்கறி தொடங்கலாம், நீங்கள் தொடங்கியிருப்பீர்கள். கரட், பூசணி என்று இனிப்பானவற்றிலேயே நிற்காமல் போஞ்சி, பீர்க்கங்காய், கீரை எல்லாவற்றையும் இந்த மாதங்களிலேயே காட்டிவிடுங்கள், சந்தேகம் பிடிக்கிற வயது வருவதற்கு முன். அரைத்த களியிலேயே நிற்காதீர்கள். இந்த வயதில் கையால் மசித்ததும் சின்னக் கட்டியும் பழக வேண்டும். பத்து மாதம் தாண்டியும் கட்டி பழகாத பிள்ளைகள் பிறகும் சாப்பாட்டில் கஷ்டப்படுத்துவதுண்டு. ஒரு வயது வரை உப்பும் சீனியும் வேண்டாம், தேனும் கூடாது. தாய்ப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் நீங்கள் சாப்பிடுகிறவற்றின் வாசனை பாலிலும் போகும். உங்கள் சாப்பாட்டிலும் மரக்கறி இருக்கட்டும்.

துணுக்காயிலிருந்து ஓர் அம்மா: ஆவணி, புரட்டாதியில் கிணற்றில் தண்ணீர் அடியில். சந்தையில் கரட்டும் லீக்ஸும் வாங்க முடியாத விலை. தோட்டம் போட்டால் குரங்கு விடாது. பிள்ளைக்கு எங்கே போய் மரக்கறி கொடுப்பது?

கரட்டும் லீக்ஸும் மலைநாட்டிலிருந்து லொறியில் வருகிறவை. அவை இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. முருங்கை வெயிலுக்குப் பயப்படாத மரம், கோடையிலும் துளிர்க்கும். முற்றின பூசணிக்காயைக் கீறல் விழாமல் நிழலில் வைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும். குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் இரண்டு வாழையும் ஒரு பசளிக்கொடியும் நடுங்கள். வாழைப்பொத்தி வறையைச் சிறுவர்கள் சாப்பிடுவார்கள், நன்றாகப் பிழிந்து துவர்ப்பு எடுத்தால். பயறையும் கௌப்பியையும் மறக்காதீர்கள்.

பழத்தையும் கணக்கில் சேருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டலில் 2 முதல் 5 வயதுப் பிள்ளைக்கு நாளுக்குக் குறைந்தது 250 கிராம் என்று சொன்னது மரக்கறியும் பழமும் சேர்த்துத்தான். கொய்யா, பப்பாசி, காலத்துக்குப் பாலைப்பழம். உதட்டில் பாலைப்பழத்தின் பால் ஒட்டிக்கொண்டு முழிக்கிற பிள்ளையைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம்தான்.

தோட்டம் போட்டால் குரங்கு விடாது என்று எழுதியிருந்தீர்கள். என் வளவிலும் அதே கதைதான். குரங்குக்கு மட்டும் யாரும் மரக்கறி தீத்தத் தேவையில்லை.

முத்துஐயன்கட்டிலிருந்து ஓர் அப்பா: எங்கள் தோட்டத்துக் கச்சான், பச்சைக் கரட் கொடுக்கலாமா? இரண்டு வயது.

முழுக் கச்சான் வேண்டாம், ஐந்து வயது வரை. தொண்டையில் போய் மூச்சை அடைக்கும். இடித்துப் பொடியாக்கி வறையில் தூவலாம். கரட்டை அவித்து விரலால் நசிகிற பதத்தில் கொடுங்கள், பச்சையாக என்றால் துருவிக் கொடுங்கள்.

பெயரும் ஊரும் போடாத ஒருவர்: எப்போது பயப்பட வேண்டும்?

வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடு கீழே சாய்ந்தால். மண், பச்சை அரிசி, சுவர்க் காரை தின்றால், அது இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். வெளிறிப்போய் விளையாட்டில்லாமல் இருந்தால். எந்தக் கட்டியான சாப்பாட்டுக்கும் ஓங்காளித்தால். சாப்பிடுகிற பட்டியலே சுருங்கிச் சுருங்கி ஐந்தாறுக்குள் வந்துவிட்டால். இதில் ஒன்று இருந்தாலும் இதை வாசித்துக்கொண்டிருக்காமல் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். பூச்சி மருந்தும் விற்றமின் ஏயும் காலத்துக்குக் கொடுத்தாயிற்றா என்றும் உங்கள் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா: அவசரம் மிஸி. நேற்றிரவு பீற்றூட் கறி சாப்பிட்டான், காலையில் சலம் சிவப்பாகப் போகிறது. மாமி அழத் தொடங்கிவிட்டா. மூன்று வயது.

பீற்றூட் நிறம்தான் பிள்ளை, சிலருக்கு அப்படிப் போகும். மலமும் சிவக்கலாம். ஒன்றிரண்டு நாளில் தெளியும். பீற்றூட் சாப்பிடாமல் இரண்டு நாள் போன பிறகும் சிவப்பாக இருந்தால், அல்லது காய்ச்சல், நோவு இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாமிக்கு இதை வாசித்துக் காட்டி ஒரு தேத்தண்ணீர் போட்டுக் கொடுங்கள்.

அது சரி, மூன்று வயதுக்காரனை பீற்றூட் சாப்பிட வைத்தீர்களே, என்ன செய்தீர்கள்? வட்டக்கச்சி அம்மாவுக்குச் சொல்ல வேண்டும், எழுதி அனுப்புங்கள்.