சயாமீஸ் பூனைக்குட்டி வளர வளரக் கறுத்துக்கொண்டே போகிறதே, இது நோயா?

நோய் இல்லை, பயப்படாதீர்கள். வெள்ளை வெளேரென்று வாங்கி வந்த குட்டிக்குக் காது, மூக்கு, வால் எல்லாம் கொஞ்ச நாளில் அழுக்குப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது, விற்றவர் ஏமாற்றிவிட்டாரா, மருந்து ஏதும் கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சயாமீஸ் குட்டிகள் எல்லாமே பிறக்கும்போது கிட்டத்தட்ட வெள்ளைதான். வளர்ந்த பிறகும் ஒரு இடத்தில்கூட நிறம் ஏறாமல் இருந்தால்தான் விற்றவரிடம் போய்க் கேட்க வேண்டும்.

விஷயம் இதுதான். முடிக்கு நிறம் கொடுப்பது மெலனின். அந்த மெலனினை உடம்பு தயாரிக்கத் தைரோசினேஸ் என்ற நொதி (என்சைம்) வேண்டும். சயாமீஸ் பூனையில் இந்த நொதிக்கான மரபணுவில் ஒரு சின்ன மாற்றம் இருக்கிறது, நொதியின் 302ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டியதற்குப் பதிலாக ஆர்ஜினின் வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அதனால் அந்த நொதிக்குச் சூடு ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டது. பூனையின் உடம்புச் சூடு 38, 39 டிகிரி செல்சியஸ் இருக்கும். அந்தச் சூட்டில் அது சரியாக வேலை செய்யாது. காது, மூஞ்சி, பாதம், வால் இவையெல்லாம் உடம்பின் நடுப்பகுதியைவிடக் குளிர்ச்சியானவை, அதனால் அங்கே மட்டும் வேலை செய்கிறது, அங்கே மட்டும் கறுக்கிறது. தாயின் வயிற்றுக்குள் எல்லா இடமும் ஒரே சூடு, அதனால்தான் குட்டி வெள்ளையாகப் பிறக்கிறது.

எங்கள் வீட்டுப் பூனையிலேயே இதைக் கண்ணால் பார்த்தேன். கருத்தடை ஆபரேஷனுக்காக டாக்டர் விலாப் பக்கம் ஒரு சதுரத்துக்கு முடியை மழித்திருந்தார். புது முடி முளைத்தபோது அந்தச் சதுரம் மட்டும் அடர் பழுப்பாக வந்தது, சுற்றிலும் பழைய க்ரீம் நிறம். போர்த்த முடி இல்லாததால் அந்த இடத்துத் தோல் குளிர்ந்துபோனதுதான் காரணம். இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிறகு அந்த முடியை விரலால் விலக்கிப் பார்த்தால் நுனி கறுப்பாகவும் அடி வெளுப்பாகவும் இருந்தது, அதாவது முடி வளர்ந்து தோல் மறுபடி சூடானதும் நிறம் ஏறுவது நின்றுவிட்டது, அது அப்படியே ஒவ்வொரு முடியிலும் பதிவாகியிருந்தது. அடுத்து முடி உதிர்ந்து மாறியபோது திட்டு போய்விட்டது. இல்யின் என்ற பெயருள்ள இரண்டு ரஷ்ய ஆய்வாளர்கள் இதையே சோதனையாகச் செய்து, சயாமீஸ் பூனைகளின் முடியை மழித்துக் குளிரிலும் சூட்டிலும் வைத்துப் பார்த்து, 1930லேயே எழுதிவிட்டார்கள்.

எந்த இடத்தில் கறுக்கும் என்பதைத்தான் இந்த மரபணு சொல்லும். என்ன நிறத்தில் என்பதை வேறு மரபணுக்கள் சொல்லும். கறுக்கும் காது, மூஞ்சி, பாதம், வால் இவற்றைத்தான் ‘பாயிண்ட்’ என்பார்கள். அடிப்படையில் கறுப்பு என்றால் சீல் பாயிண்ட், பார்வைக்கு அடர் பழுப்பாக இருக்கும். கறுப்பைப் பழுப்பாக்கும் மரபணு தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால் சாக்லேட் பாயிண்ட். நிறத்தை மங்கவைக்கும் மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்தால் ப்ளூ பாயிண்ட். இந்த இரண்டு ஜோடியும் ஒரே குட்டியில் சேர்ந்தால் லைலாக், அதனால்தான் அது அரிது, விலையும் ஏறுகிறது. விலைக்காக அலையாதீர்கள், நான்கும் ஒரே பூனைதான்.

சயாமீஸ் மரபணு ஒடுங்கு தன்மை உள்ளது, தாய் தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அப்புறம் உங்கள் பூனை தெருவில் இருக்கும் சாதாரணக் கடுவனோடு சேர்ந்து குட்டி போட்டால், ஒன்றுகூடச் சயாமீஸ் மாதிரி இல்லையே என்று நினைக்க வேண்டாம். அவற்றின் உள்ளே மரபணு இருக்கும். அப்படி மறைத்து வைத்திருக்கும் இரண்டு பூனைகள் சேர்ந்தால் நான்கில் ஒன்று என்ற கணக்கில் சயாமீஸ் நிறம் திரும்ப வரும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை வோங் மாவ் என்ற பூனையுடையது. 1930இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜோசப் தாம்சன் என்ற மருத்துவரிடம் பர்மாவிலிருந்து இந்தப் பழுப்பு நிறப் பெண் பூனை வந்து சேர்ந்தது. நிறம் கூடிப்போன சயாமீஸ் என்றுதான் பலரும் நினைத்தார்கள். அவர் ஒப்புக்கொள்ளாமல் டாய் மாவ் என்ற சயாமீஸ் ஆண் பூனையோடு சேர்த்தார். சில குட்டிகள் சயாமீஸ் மாதிரி, சில தாய் மாதிரி. பிறகு தாய் நிறத்தில் இருந்த மகனோடு வோங் மாவைச் சேர்த்தபோது, இரண்டையும்விட அடர்ந்த மூன்றாவது பழுப்பு ஒன்று வெளியே வந்தது. அந்த அடர் பழுப்புதான் இன்றைய பர்மீஸ். வோங் மாவ் பாதி சயாமீஸ், பாதி பர்மீஸ். இரண்டுக்கும் காரணம் அதே நொதியின் மரபணுதான், மாற்றம் நிகழ்ந்த இடம் மட்டும் வேறு. இரண்டில் எதுவும் மற்றதை அடக்காததால் கலப்பில் நடுத்தர நிறம் வருகிறது, அந்த நிறத்துப் பூனையை இப்போது டாங்கினீஸ் என்கிறார்கள். டிஎன்ஏ பரிசோதனை எதுவும் இல்லாத காலத்தில், குட்டிகளின் நிறத்தை வைத்தே இதைக் கண்டுபிடித்தது சாதாரண வேலை இல்லை.

நீலக் கண்ணுக்கும் இதே குறைவான மெலனின்தான் காரணம். சில சயாமீஸ் பூனைகளுக்கு மாறுகண் இருப்பதும் இதோடு சேர்ந்ததே. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புகள் கொஞ்சம் வழி மாறிப் போகின்றன.

இப்போது உங்கள் குட்டிக்கு வருவோம். ஏசி அறையிலேயே வளர்த்தால் கொஞ்சம் அதிகமாகக் கறுக்கலாம், வயதாக ஆக உடம்பின் நிறமும் அடர்த்தியாகும், இரண்டுமே இயல்பு. வெள்ளையாகவே வைத்திருக்கப் போர்வை போர்த்துவது, எதையாவது தேய்ப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். ஆனால் முடி கொட்டி வட்ட வட்டமாகத் திட்டு விழுந்தால், அரிப்பு இருந்தால், செதில் உதிர்ந்தால் அது நிற விஷயம் இல்லை, பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கடைசியில் என்ன நிறம் வரும் என்று தெரிய வேண்டுமா? பாதத்தின் அடியையும் மூக்கின் தோலையும் பாருங்கள். அடர் பழுப்பு என்றால் சீல், இளஞ்சிவப்பு கலந்த லவங்கப்பட்டை நிறம் என்றால் சாக்லேட், சிலேட்டுச் சாம்பல் என்றால் ப்ளூ, ஊதா சாயலில் வெளிர் ரோஸ் என்றால் லைலாக்.