401(கே)-யில் உள்ள இன்டர்நேஷனல் ஃபண்ட்: யூனிட் விலை எங்கிருந்து வருகிறது? கேள்வி பதில்

அமெரிக்காவில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு பெங்களூருக்குத் திரும்பிய பலர் 401(கே) கணக்கை (வேலை கொடுத்த கம்பெனி வழியாகச் சேமிக்கும் அமெரிக்க ஓய்வூதியக் கணக்கு) அங்கேயே விட்டுவைத்திருக்கிறார்கள். அதில் இருக்கும் வெளிநாட்டு இன்டெக்ஸ் ஃபண்டின் (ஒரு பங்குக் குறியீட்டை, அதாவது இன்டெக்ஸை, அப்படியே பின்பற்றும் ஃபண்ட்) விலையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைப் பற்றிக் கேளுங்கள். எதை வாங்கலாம், எப்போது விற்கலாம் என்பதற்கு இங்கே பதில் கிடையாது. கேட்பவரை அவர் பகுதியின் பெயரால் குறித்திருக்கிறேன்.

ஒயிட்ஃபீல்டு: சார், செவ்வாய்க்கிழமை டோக்கியோ ஒன்றரை சதவீதம் ஏறியது. என் ஃபண்டில் ஜப்பான் பங்குகள் நிறைய இருந்தும் விலை நகரவே இல்லை. ஆனால் டோக்கியோ அசையாத திங்கட்கிழமை ஃபண்ட் ஏறியிருந்தது. கணக்கில் கோளாறா?

கோளாறு இல்லை. நம் ஊர் கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். டோக்கியோ சந்தை மூடும்போது நமக்குப் பகல் 12 மணி. லண்டன் மூடுவது இரவு 9 மணிக்கு, குளிர்காலத்தில் 10 மணிக்கு. ஃபண்ட் தன் விலையைக் கணக்கிடும் நேரம் நியூயார்க்கின் மாலை 4 மணி, அதாவது நமக்கு நள்ளிரவு தாண்டி 1.30, குளிர்காலத்தில் 2.30. ஆக ஜப்பான் பங்கின் கடைசி விலை அதற்குள் பதின்மூன்றரை மணி நேரப் பழசு. இடையில் அமெரிக்கச் சந்தை ஓடியிருக்கும். டோக்கியோ இப்போது திறந்திருந்தால் அந்தப் பங்கு என்ன விலைக்குப் போகும் என்று மதிப்பிட்டு ஃபண்ட் விலையைத் திருத்துகிறது. இதற்குத்தான் ஃபேர் வேல்யூ என்று பெயர்.

எண் போட்டுப் பார்ப்போம். ஒரு பங்கு திங்களன்று டோக்கியோவில் 3,000 யென்னில் முடிகிறது, முந்தின நாள் விலையேதான். அன்றிரவு அமெரிக்கச் சந்தை நன்றாக ஏறுகிறது. ஃபண்ட் அந்தப் பங்குக்கு 1.012 என்ற காரணியை வைக்கிறது: 3,036 யென். டாலருக்கு 150 யென் என்றால் 20.24 டாலர். பழைய விலையிலேயே விட்டிருந்தால் 20.00 டாலர். செவ்வாயன்று டோக்கியோ நிஜமாகவே ஏறி 3,045 யென்னில் முடிகிறது. அன்றிரவு அமெரிக்காவில் அசைவில்லை, காரணி 1. விலை 20.30 டாலர். எனவே ஃபண்டுக்குத் திங்களன்று 1.2%, செவ்வாயன்று 0.3%. இன்டெக்ஸுக்குத் திங்களன்று பூஜ்யம், செவ்வாயன்று 1.5%. இரண்டு நாளையும் சேர்த்தால் இரண்டும் 20.30-ல் நிற்கின்றன. உங்கள் காசு எங்கும் போகவில்லை, ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது.

ஒரே ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தை இன்டெக்ஸோடு ஒப்பிடாதீர்கள். இதை இன்னும் சில தடவை சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிகிறது.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்: அந்த 1.012 யார் போடுவது?

ஃபண்ட் மேனேஜர் கையால் எழுதுவதில்லை. விலைத் தகவல் விற்கும் நிறுவனங்கள் ஒவ்வொரு பங்குக்கும் ஒரு காரணி அனுப்புகின்றன. அந்தப் பங்கு கடந்த காலத்தில் அமெரிக்க ஃப்யூச்சர்ஸோடும் (பின்னொரு தேதிக்கு இப்போதே விலை பேசும் ஒப்பந்தங்கள்), தன் துறையோடும், நியூயார்க்கில் அதன் டெபாசிட்டரி ரசீது (அந்தப் பங்குக்கு ஈடாக அங்கே விற்கும் பத்திரம்) இருந்தால் அதன் விலையோடும் எப்படி நகர்ந்தது என்ற புள்ளியியலிலிருந்து வருவது அது. சில ஃபண்டுகள் தினமும் பயன்படுத்தும். சில, அமெரிக்கச் சந்தை ஒரு வரம்பைத் தாண்டி நகர்ந்தால் மட்டும். இரண்டாவது வகையில் நாளுக்கு நாள் வித்தியாசம் இன்னும் கிறுக்குத்தனமாகத் தெரியும்: மூன்று நாள் இன்டெக்ஸோடு ஒட்டி வரும், நான்காவது நாள் பிய்த்துக்கொள்ளும்.

மியூச்சுவல் ஃபண்ட் என்றால் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்.இ.சி.யின் 2ஏ-5 விதி பொருந்தும். 2020 டிசம்பரில் வந்தது, 2022 செப்டம்பரிலிருந்து கட்டாயம். மதிப்பிடும் முறை சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறது அது.

இந்திராநகர்: என் ஃபண்டின் பெயரை எந்த இணையதளத்தில் தேடினாலும் கிடைக்கவில்லை. டிக்கரும் (ஃபண்டைத் தேட உதவும் எழுத்துக் குறி) இல்லை. போலியோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் மேடம். உங்களிடம் இருப்பது கலெக்டிவ் ட்ரஸ்ட். பெரிய கம்பெனிகளின் 401(கே)-க்களில் மியூச்சுவல் ஃபண்டுக்குப் பதிலாக வங்கி அல்லது ட்ரஸ்ட் நிறுவனம் நடத்தும் இந்த வகைதான் நிறைய. ஓய்வூதியத் திட்டங்களுக்கு மட்டும் விற்பதால் பொதுவில் டிக்கர் கிடையாது. விலை உங்கள் திட்டத்தின் தளத்தில் மட்டும் தெரியும்.

கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். எல்லாப் பங்குகளின் மதிப்பையும் டாலருக்கு மாற்றி, ரொக்கம், வரவேண்டிய டிவிடெண்ட், திரும்பப் பெற வேண்டிய வரி ஆகியவற்றைக் கூட்டி, அன்றன்றைய செலவையும் கட்ட வேண்டிய வரியையும் கழித்து, யூனிட் எண்ணிக்கையால் வகுப்பது. வருஷத்துக்கு 0.10% கட்டணம் என்றால் 100 டாலருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 0.027 சென்ட். தனியாக எந்த வரியிலும் தெரியாது, விலைக்குள்ளேயே கழிந்துவிடும்.

இரண்டு வித்தியாசம் கவனியுங்கள். ட்ரஸ்ட் பெரும்பாலும் டிவிடெண்டைப் பிரித்துக் கொடுக்காமல் யூனிட் விலையிலேயே சேர்த்துவிடும். மியூச்சுவல் ஃபண்டில் டிவிடெண்ட் நாளன்று விலை விழும், உங்கள் யூனிட் எண்ணிக்கை கூடும். அதனால் இரண்டின் விலை வரைபடத்தையும் பக்கத்தில் வைத்து ட்ரஸ்ட்தான் ஜெயித்தது என்று சொல்லக் கூடாது. இன்னொன்று: மியூச்சுவல் ஃபண்ட் விலையைச் சென்ட்டுக்கு முழுமையாக்கும். 12.34 டாலர் ஃபண்டில் அந்த அரை சென்ட்டே 0.04%.

மார்த்தஹள்ளி: சார், வியாழக்கிழமை ஐரோப்பா இறங்கியது, என் ஃபண்ட் ஏறியது. ஏன்?

ஒயிட்ஃபீல்டுக்கு எழுதியதைப் படியுங்கள். லண்டன் மூடிய பிறகும் நியூயார்க் நாலரை மணி நேரம் ஓடுகிறது.

அல்சூர்: தம்பி, நான் சொல்கிறேன் என்று கோபப்படாதீர்கள். சந்தையில் நடந்த விலை ஒன்றுதான் விலை. ஆபீசில் உட்கார்ந்து அதில் கூட்டுவதும் குறைப்பதும் எந்த ஊர் நியாயம்? இது முதலீட்டாளர் தலையில் மிளகாய் அரைக்கிற வேலை.

கோபம் இல்லை ஐயா. பழைய விலையிலேயே விட்டால்தான் மிளகாய் அரைபடும். எப்படி என்று பாருங்கள்.

ஒரு ஃபண்டில் 1,000 யூனிட். பழைய விலை 20.00, உண்மை மதிப்பு 20.24. அமெரிக்கச் சந்தை ஏறியதைப் பார்த்த ஒருவர், நியூயார்க் நேரம் 3.55 மணிக்கு, அதாவது விலை கணக்கிடுவதற்கு ஐந்து நிமிஷம் முன், 100 யூனிட் ஆர்டர் போடுகிறார். 20.00 விலையில் 2,000 டாலர் கட்டுகிறார். மறுநாள் டோக்கியோ ஏற வேண்டிய அளவு ஏறிவிடுகிறது. ஃபண்டில் இப்போது 20,240 டாலர் பங்கும் 2,000 டாலர் ரொக்கமும், மொத்தம் 22,240. யூனிட் 1,100. விலை 20.218. வந்தவருக்கு ஒரே இரவில் சுமார் 21.80 டாலர் லாபம். அதே 21.80 டாலர் ஏற்கெனவே இருந்த 1,000 யூனிட்காரர்களின் பையிலிருந்து போனது. நீங்களும் நானும்தான் அந்த 1,000.

இது கற்பனை ஆபத்து இல்லை. 2003 செப்டம்பரில் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் கானரி கேபிடல் என்ற ஹெட்ஜ் ஃபண்ட் மீது நடவடிக்கை எடுத்தது இதற்காகவும் 4 மணிக்குப் பிறகு அன்றைய விலையில் ஆர்டர் போட்டதற்காகவும்தான். 4 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டார்கள். அதன் பிறகுதான் ஃபேர் வேல்யூ பரவலானது.

ஜெயநகர்: அல்சூர் ஐயா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் காரணியைக் கணக்கிடும் மாடலுக்குப் பதில் ஈ.டி.எஃப். (பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) விலையை எடுத்துக்கொள்ளலாமே? வான்கார்டின் டோட்டல் இன்டர்நேஷனல் ஸ்டாக் ஃபண்டுக்கு ஈ.டி.எஃப். வடிவமும் இருக்கிறது. 4 மணிக்கு நிஜமான ஆட்கள் வாங்கி விற்ற விலை.

நல்ல கேள்வி. அந்த இரண்டும் ஒரே ஃபண்டின் இரண்டு வகைகள், உள்ளே இருப்பது ஒரே பங்குக் குவியல். ஈ.டி.எஃப்.-இன் சந்தை விலையும் மூடிய டோக்கியோவைப் பற்றிய ஊகம்தான், பல பேர் சேர்ந்து போட்ட ஊகம். மாடல்களில் ஈ.டி.எஃப். விலையும் ஒரு உள்ளீடாக இருப்பதுண்டு. ஆனால் அதை மட்டும் வைத்து ஃபண்டின் விலையைத் தீர்மானித்தால், பதற்றமான நாளில் வாங்க ஆளில்லாமல் ஈ.டி.எஃப். தள்ளுபடியில் விற்கும்போது அந்தத் தள்ளுபடியும் உங்கள் ஓய்வூதியக் கணக்கில் ஏறிவிடும். ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனிக் காரணி தேவைப்படுவது அதனால்தான்.

அல்சூர்: மாடல் தப்பாகப் போனால்? 1.012 போட்டது மறுநாள் 1.002-தான் ஆனால்?

அப்போது அன்று வாங்கியவர் கொஞ்சம் அதிகம் கொடுத்தார், விற்றவருக்கு லாபம். நடக்கும். ஆனால் பிழை இரண்டு பக்கமும் விழும், எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே தெரியாது. பழைய விலையின் பிழையோ 3.55 மணிக்கே எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பிழையைத்தான் சுரண்ட முடியும்.

அல்சூர்: எனக்கு இன்னும் ஒப்பவில்லை.

சரி ஐயா.

மார்த்தஹள்ளி: அப்படியென்றால் மாடல் பிழையைப் பார்த்து நாம் இப்போது...

வேண்டாம். ஒரே ஃபண்டில் வாங்கி 30 அல்லது 60 நாளுக்குள் விற்றால் பல திட்டங்கள் உங்களை அந்த ஃபண்டில் திரும்ப வாங்க விடாது. மியூச்சுவல் ஃபண்டுகள் 2% வரை மீட்புக் கட்டணம் போடவும் விதி அனுமதிக்கிறது. 0.2% பிழையைப் பிடிக்க 2% கொடுக்கிற கதை.

மல்லேஸ்வரம்: இன்று ராத்திரி 11 மணிக்கு இங்கிருந்து ஃபண்ட் மாற்ற ஆர்டர் போட்டால் எந்த நாள் விலை?

நியூயார்க் 4 மணிக்கு முன் பதிவானால் அன்றைய விலை. 11 மணிக்குப் போட்டால் இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது, குளிர்காலத்தில் மூன்றரை. ஆர்டர் போடும்போது விலை யாருக்கும் தெரியாது. திரையில் தெரிவது முந்தின நாள் விலை, அதைப் பெருக்கித் தொகையை எதிர்பார்க்காதீர்கள். சில ட்ரஸ்டுகளுக்குக் கட்-ஆஃப் (ஆர்டர் ஏற்கும் கடைசி நேரம்) முன்னதாகவே இருக்கும், திட்ட ஆவணத்தைப் பாருங்கள். அமெரிக்கச் சந்தை விடுமுறையில், உதாரணமாகத் தேங்க்ஸ்கிவிங் வியாழனில், டோக்கியோவும் லண்டனும் ஓடினாலும் உங்கள் ஃபண்டுக்கு விலை வராது. இரண்டு நாள் நகர்வும் வெள்ளிக்கிழமை ஒரே அடியாக வரும். ஜப்பானின் ஏப்ரல் கடைசி, மே முதல் வார விடுமுறையில் இதற்கு நேர்மாறு: டோக்கியோ பல நாள் மூடியிருக்கும், ஜப்பான் பங்குகளின் யென் விலையைக் காரணி மட்டுமே நகர்த்தும்.

கோரமங்களா: என்.பி.எஸ்.-ஸிலும் இப்படித்தானா?

என்.பி.எஸ்.-இன் பங்குப் பிரிவு இந்தியப் பங்குகள். இந்தக் கேள்வியே எழாது.

பனசங்கரி: என் ஃபண்ட் இன்டெக்ஸைவிட அதிகம் கொடுத்திருக்கிறது. கட்டணம் எடுத்த பிறகும். இன்டெக்ஸ் ஃபண்ட் எப்படி இன்டெக்ஸை மிஞ்சும்?

எந்த இன்டெக்ஸ் என்று பாருங்கள். இன்டெக்ஸ் தயாரிக்கும் நிறுவனமான எம்.எஸ்.சி.ஐ.-யின் நெட் வகை, டிவிடெண்டில் பிடிக்கும் வரியை ஒப்பந்தச் சலுகை இல்லாத வெளிநாட்டு நிறுவனத்துக்கான விகிதத்தில் கழிக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் அது 35%. அமெரிக்க ஒப்பந்தத்தில் சாதாரண விகிதம் 15%. நூறு ஃப்ராங்க் டிவிடெண்டில் இன்டெக்ஸ் 65-ஐ எண்ணும், ஃபண்டுக்கு மீதியை மீட்ட பிறகு 85 வரும். கட்டணத்தைவிட இது பெரிதாக இருந்தால் மிஞ்சும். திறமை இல்லை, வரி.

வருஷக் கணக்கில் இன்னொன்றும் கலக்கும். டிசம்பர் 31 அன்று காரணி 1-க்கு மேல் இருந்தால் அந்த வருஷ வருமானம் கூடித் தெரியும், ஜனவரி முதல் வர்த்தக நாளில் திரும்பிவிடும்.

எச்.எஸ்.ஆர். லேஅவுட்: நாணய மாற்று விகிதமும் அதே 4 மணியா?

எம்.எஸ்.சி.ஐ. லண்டன் 4 மணி விகிதத்தை எடுக்கிறது. உங்கள் ஃபண்ட் லண்டனை எடுக்கிறதா நியூயார்க்கையா என்பதை அதன் ஆவணம் சொல்லும். வெவ்வேறாக இருந்தால் யென் துள்ளுகிற நாளில் அதுவும் ஒரு வித்தியாசம்.

பி.டி.எம். லேஅவுட்: சார், நேற்று இன்டெக்ஸ் 0.9%, என் ஃபண்ட் 0.4%. திட்டத்துக்குப் புகார் எழுதலாமா?

எழுதாதீர்கள். ஒரு நாளை ஒப்பிடாதீர்கள், மூன்று மாதத்தைப் பாருங்கள். இதே கேள்வியுடன் வந்திருக்கும் மற்ற நான்கு பேருக்கும் இதுவே பதில்.

பனசங்கரி: வளரும் நாடுகளும் உள்ள ஃபண்டில் "இந்திய மூலதன ஆதாய வரி" என்று ஆண்டறிக்கையில் ஒரு பொறுப்பு காட்டுகிறார்கள். விற்காத பங்குக்கு வரியா?

கட்டவில்லை, ஒதுக்கிவைக்கிறார்கள். வெளிநாட்டு ஃபண்ட் இந்தியப் பங்கை விற்றால் இங்கே வரி உண்டு. 2024 ஜூலை 23 முதல் நீண்டகால ஆதாயத்துக்கு 12.5%, குறுகியகாலத்துக்கு 20%. அதற்கு முன் 10%, 15%. நீண்டகாலம் வைத்திருந்து ஒரு லட்சம் ரூபாய் ஏறியிருக்கும் பங்கு நாளைக்கே விற்கப்பட்டால் 12,500 போகும். இன்று வெளியேறுபவர் அந்தச் சுமையை இருப்பவர் தலையில் விட்டுப் போகக் கூடாது என்பதால் தினசரி விலையிலேயே கழித்துவிடுகிறார்கள். இந்தியச் சந்தை ஏறும்போது ஃபண்ட் அந்த அளவு ஏறாததற்கு இது ஒரு காரணம். வளர்ந்த நாடுகள் மட்டும் உள்ள ஃபண்டில் இது இருக்காது.

இந்திராநகர்: இந்திய வருமான வரி ரிட்டர்னில் ஷெட்யூல் எஃப்.ஏ.-வுக்கு (வெளிநாட்டுச் சொத்துகளைக் காட்டும் பட்டியல்) எந்த விலை போடுவது?

காலண்டர் வருஷக் கணக்கு, ஜனவரி முதல் டிசம்பர் வரை. டிசம்பர் 31 மதிப்புக்குத் திட்டத்தின் ஸ்டேட்மென்டில் உள்ள யூனிட் விலையை எடுங்கள், இன்டெக்ஸை வைத்து நீங்களாகத் திருத்தாதீர்கள். உச்ச மதிப்பும் கேட்பார்கள், அதனால் தினசரி விலைகளை இப்போதே இறக்கி வையுங்கள். ட்ரஸ்டை வேறொன்றாக மாற்றிவிட்டால் பழைய விலைகள் தளத்திலிருந்து மறையலாம். ரூபாய்க்கு மாற்ற எஸ்.பி.ஐ.-யின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் வாங்கும் விகிதம். மற்ற வரிக் கேள்விகளுக்கு ஆடிட்டரிடம் போங்கள், வெளிநாட்டு ஓய்வூதியக் கணக்குக்கான சலுகை (1961 வருமான வரிச் சட்டத்தில் 89ஏ பிரிவு) உங்களுக்கு உண்டா என்பதை அவரிடம் முதலில் கேளுங்கள்.